வன்கொடுமை வழக்கில் துணைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் ஓர் இளம் வழக்கறிஞர் தன் கட்சிக்காரரிடம், "ஜாமீன் விசாரணைக்கு நீங்க அலைய வேண்டாம்மா, அரசு வக்கீல் பாத்துக்கிடுவாரு" என்றார். 2017-ல் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவாகும் வழக்குகளைப் பற்றி இதை எழுதுகிறேன்.

சி.எஸ்.ஆர் ரசீதோடு திரும்புவது

அது புகார் வாங்கியதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர் ஆகாது. முதல்கட்ட விசாரணை முடியட்டும் என்று ஸ்டேஷனில் சொன்னால், இந்தச் சட்டத்தில் அது தேவையில்லை என்கிற 18ஏ பிரிவைக் காட்டுங்கள். எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாக வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஜாமீன் நோட்டீஸில் கையெழுத்து மட்டும் போடுவது

என் கட்சிக்காரர் முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவர். ஒரு சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து ஒரு தாளை நீட்டினார். "சும்மா ஒரு கையெழுத்துதான்." அவரும் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் ஜாமீன் விசாரணை. எழுந்து வந்தால் அன்றைய கூலி போச்சு. என்னிடம் கேட்டார், வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். 'அறிவிப்பு கொடுத்தாச்சு, ஆட்சேபணை இல்லை' என்று கோப்பில் ஏறியது. ஜாமீன் கிடைத்தது.

மறுநாளே எதிரி அதே தெருவுக்கு வந்துவிட்டார். சாட்சிகளும் அதே தெருக்காரர்கள்தான், தண்ணீர் பிடிப்பதும் அதே குழாயில்தான். அம்மன் கோயில் கொடை நெருங்கியதும் ஊர்ப்பெரியவர்கள் சமாதானம் பேச உட்கார்ந்தார்கள். விசாரணையில் நேரில் பார்த்த இரண்டு பேர் முன்பு சொன்னதை மாற்றிப் பேசிப் பிறழ் சாட்சி ஆனார்கள். வழக்கு விடுதலையில் முடிந்தது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்குத் தாங்கவில்லை.

இத்தனைக்கும் சட்டம் அப்போதே கையில் இருந்தது. 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் உட்பட ஒவ்வொரு விசாரணைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே அறிவிப்பு தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறது. இது வெறும் சடங்கல்ல, கட்டாயம் என்று 2021-ல் ராஜஸ்தான் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அதனால் நோட்டீஸ் வந்தால் கையெழுத்துக்குக் கீழே தேதி, மணி, 'எனக்கு ஆட்சேபணை உண்டு, நேரில் சொல்ல வேண்டும்' என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நேரம் போதவில்லையா? வாய்தா கேளுங்கள். எதிரி வீடு எத்தனை அடி தூரம், யார் எப்போது மிரட்டினார்கள் என்பதையெல்லாம் மனுவாகக் கொடுங்கள். ஜாமீன் கொடுத்தே தீருவார்கள் என்று தெரிந்தாலும் போங்கள். வெளியூரில் தங்கிக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையாவது கேட்கலாம். எங்கள் வழக்கில் அந்த ஒன்று இருந்திருந்தால் சாட்சிகள் நின்றிருப்பார்கள் என்றுதான் நம்புகிறேன்.

சாட்சிப்படி கேட்காமல் விடுவது

பயணச் செலவும் அன்றைய கூலியும் சாட்சிகளின் உரிமை. இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் விதி 11.

சாதிச் சான்றிதழைக் கடைசிக்குத் தள்ளுவது

பாதிக்கப்பட்டவரின் சான்றிதழை முதல் வாரத்திலேயே வாங்குங்கள்.

ஜாமீன் கொடுத்ததும் ஓய்ந்துவிடுவது

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு நகலுக்கு அன்றைக்கே மனு போடுங்கள்.