கடலரிப்பைக் கணிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

கரை தேய்ந்ததா வளர்ந்ததா என்று சொல்ல, பெரும்பாலோர் பார்ப்பது தண்ணீர் நிற்கும் கோட்டை. பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் மட்டம் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ 1 மீட்டர். கரைச் சரிவு 10-க்கு 1 என்றால், அதற்கே தண்ணீர்க்கோடு 10 மீட்டர் நகரும். 20-க்கு 1 என்றால் 20 மீட்டர். காலைப் படத்தையும் மாலைப் படத்தையும் ஒப்பிட்டு ‘கடல் உள்ளே வந்துவிட்டது’ என்பது இப்படித்தான்.

அளக்க வேண்டியது மணலின் உயரத்தை. செலவும் அதிகமில்லை: 1.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு கம்புகள், அவற்றில் உச்சியிலிருந்து கீழ்நோக்கி சென்டிமீட்டர் கோடுகள், இடைவெளி மாறாமலிருக்க 2 மீட்டர் கயிறு. அலை எட்டாத ஒரு கட்டடத்தின் மூலையிலிருந்து தொடங்கி, கடலை நோக்கி நேராக நடக்க வேண்டும். கரைப்பக்கக் கம்பின் பின்னால் நின்று, கடல்பக்கக் கம்பின் உச்சியையும் அடிவானத்தையும் ஒரே கோட்டில் பாருங்கள். அந்தக் கோடு கரைப்பக்கக் கம்பில் எந்த அளவில் வெட்டுகிறதோ, அதுதான் அந்த 2 மீட்டருக்குள் மணல் இறங்கிய அளவு. மணல் மேடேறும் இடத்தில் கண் வைப்பது கரைப்பக்கக் கம்பின் உச்சியில். அளவு படிப்பது கடல்பக்கக் கம்பில். இதை மறந்தால் மேடு பள்ளமாகிவிடும். கம்பு ஈரமணலில் புதைவது இன்னொரு தொல்லை. அடியில் ஒரு சிறு பலகையை ஆணியடித்துவிட்டால் தீர்ந்தது.

ஜனவரி அளவை ஜனவரியோடுதான் ஒப்பிட வேண்டும். புயலலை கரைமணலை இழுத்துக்கொண்டுபோய்ச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் திட்டாகப் போடுகிறது. கடல் அமைதியான மாதங்களில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடும். டிசம்பரில் செங்குத்தாக வெட்டுண்டு நிற்கும் கரையைக் கண்டு அது நிரந்தர இழப்பு என்று முடிவுகட்ட வேண்டாம்.

அரிக்கும் இடத்திலேயே காரணத்தைத் தேடுவது இன்னும் பெரிய பிழை. அலை சாய்வாக ஏறுகிறது, நேராக இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்கிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவ மாதங்களில் இந்த நகர்வு வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே; ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கல்லைப் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே பட்டினி. 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புகளைக் கட்டத் தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனது. புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் கல் நீண்டது; வடக்கிலிருந்த நகரக் கடற்கரை கற்குவியலாயிற்று. ஆகவே இந்தக் கரையில் ஓர் ஊர் அரித்தால் முதலில் அதன் தெற்கே என்ன கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவும் இதே கணக்குத்தான். எந்த ஊருக்கு மணல் சேர்கிறதோ அதன் வடக்கே உள்ள ஊர் அடுத்த மனுவை எழுதத் தொடங்கும். கரையோரம் கல் கொட்டினால் சாலை தப்பலாம், கடற்கரை தப்பாது: கல்லில் மோதித் திரும்பும் அலை அடிமணலைத் தோண்டுகிறது, கல் சரிகிறது, மறுபடி கல் கொட்ட வேண்டியிருக்கிறது. வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இடமில்லாமல் போவது அந்தக் கணக்கில் வருவதேயில்லை.

அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மணல்மேட்டைச் ‘சுத்தம்’ செய்து சமப்படுத்துவது வேறொரு வகைத் தவறு. புயல் நாளில் கரைக்குக் கைகொடுக்கும் கையிருப்பு மணல் அது.

முகத்துவாரம் தூர்ந்தால் ஆற்றில் நீரே இல்லாத கோடையில் இயந்திரத்தால் வெட்டிவிடுகிறார்கள். உள்ளிருந்து தள்ளும் நீரோட்டம் இல்லாததால் அலை மறுபடி மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும். வெட்டிய மணலை வாயின் தென்கரையில் குவித்தால் வேலை இன்னும் சீக்கிரம் வீணாகும். வடக்கே நகரும் மணல் அதே வாய்க்குள்தான் விழும். அதை வடகரையில் போட்டால் அரிக்கும் பக்கத்துக்காவது உதவும்.