ஜேமேக்ஸை எழுப்புவதா, பியூர் டேட்டாவை ஃபோர்க் செய்வதா? முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜேமேக்ஸும் பியூர் டேட்டாவும் இசைக்கான மென்பொருள்கள். கைவிடப்பட்ட ஜேமேக்ஸை மறுபடி எழுப்புவதா, பியூர் டேட்டாவை ஃபோர்க் செய்வதா (அதாவது நிரலைப் பிரதியெடுத்துத் தனித் திட்டமாக வளர்ப்பதா) என்பதுதான் கேள்வி. மில்லர் பக்கெட் 1980-களில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வகத்தில் எழுதிய மேக்ஸ்தான் இந்தக் குடும்பத்துக்கே மூத்தது. திரையில் பெட்டிகளைக் கம்பியால் இணைத்தால் ஒலி பிறக்கும். பின்னர் அதே இர்காமில் ஜாவா முகப்போடு ஜேமேக்ஸ் வந்தது; பக்கெட் 1990-களில் தனியாக பியூர் டேட்டாவை எழுதினார். ஜேமேக்ஸின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது, பராமரிக்கத்தான் ஆளில்லை.

இதைத் தூசி தட்டலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் முகப்பைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். பெரிய தவறு. இசைக்கலைஞர்களின் உழைப்பு முழுக்க பேட்ச் கோப்புகளில், அதாவது இணைத்த பெட்டிகளைச் சேமித்துவைத்த கோப்புகளில் இருக்கிறது. அவை அன்று ஒலித்தபடி இன்றும் ஒலிக்காவிட்டால், அழகான முகப்பு யாருக்கு?

கோப்பைச் சேமிக்கும் நிரலைச் 'சுத்தம்' செய்வது இதைவிட ஆபத்து. பியூர் டேட்டா பேட்ச் வெறும் உரைக்கோப்பு. அதில் ஒரு கம்பி '0 0 1 0' என்று நான்கு எண்களாகப் பதிவாகும்: 0-ஆம் பெட்டியின் 0-ஆம் வெளிவாயிலிலிருந்து 1-ஆம் பெட்டியின் 0-ஆம் உள்வாயிலுக்கு. பெட்டிக்குத் தனி அடையாளம் கிடையாது, கோப்பில் வரும் வரிசைதான் அதன் எண். புதுவகைப் பெட்டி ஒன்றை இடையில் நுழைத்து, அதை எண்ணத் தெரியாத பழைய பதிப்பில் திறந்தால் கம்பிகள் எல்லாம் இடம் மாறிப்போகும். இன்னொன்று: ஒரே வாயிலிலிருந்து இரண்டு கம்பிகள் போனால், எந்தச் செய்தி முதலில் போகும் என்பதையும் கம்பிகளின் வரிசையே தீர்மானிக்கிறது. சேமிக்கும்போது அவற்றை எண்வரிசைப்படி அடுக்கிவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, பேட்ச் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். டிரிகர் பெட்டி போட்டு வரிசையை உறுதிசெய்யாத பழைய பேட்ச்கள் ஏராளம் என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

அடுத்து எக்ஸ்டர்னல்கள், அதாவது வெளியிலிருந்து சேர்க்கும் கூடுதல் பெட்டிகள். பியூர் டேட்டா எக்ஸ்டெண்டெட் என்ற பதிப்பு ஜெம், சைக்ளோன் போன்ற நூலகங்களை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது. பயனர்களுக்கு வசதிதான், ஆனால் அத்தனையையும் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தொகுத்துத் தரும் சுமை ஒரு சிறு குழுவின் தலையில் விழுந்தது. 2013-க்குப் பின் வெளியீடு வரவில்லை. 2016-இல் பியூர் டேட்டாவின் மூலப் பதிப்பு 0.47, டெக்கன் என்ற கருவி மூலம் நூலகங்களைத் தனித்தனியே இறக்கும் வழியைத் தந்தது. புதிதாகத் தொடங்குபவர் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டாம்.

உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். ஜேமேக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது, பியூர் டேட்டா அதைவிடத் தளர்வான பிஎஸ்டி உரிமத்தில். பிஎஸ்டி நிரலை ஜிபிஎல் திட்டத்துக்குள் எடுக்கலாம். ஜேமேக்ஸ் நிரலை பியூர் டேட்டாவுக்குள் கொண்டுவந்தால் சேர்ந்த முழுமையும் ஜிபிஎல்லின் கீழ்தான் வெளியாக வேண்டும்.

ஃபோர்க் செய்தவர்கள் மூலத்தோடு ஒத்திசைப்பதைத் தள்ளிப்போடுவார்கள். இடைவெளி கூடக்கூட, அங்கே சரிசெய்யப்பட்ட பிழைகளை இங்கே கையால் திருத்த வேண்டிவரும். பிளக்டேட்டா என்ற திட்டம் இதற்கு நல்ல மாற்றுவழி காட்டியிருக்கிறது. லிப்பிடி என்ற நூலகத்தின் வழியாக பியூர் டேட்டாவின் இயந்திரத்தையே உள்ளே வைத்து, முகப்பை மட்டும் ஜூஸ் என்ற நிரல் கட்டமைப்பைக் கொண்டு புதிதாக எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது புது முகப்புதான் என்றால் இந்த வழியே போதும். கையில் உண்மையான ஜேமேக்ஸ் பேட்ச்கள் இருந்து, அவற்றை மேடையில் மறுபடி ஒலிக்கவைக்க வேண்டும் என்றால் மட்டும் ஜேமேக்ஸைத் தொடுங்கள். அப்போதும் அந்த பேட்ச்களில் ஒன்றைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, அது முழுதாக ஓடும்வரை முகப்பில் கை வைக்காதீர்கள்.