80 ஆண்டுக்குக் கீழே போகும் முன் லீஸை நீட்டுங்கள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் ஃபிளாட்டின் லீஸில், அதாவது ஃபிளாட்டை வைத்திருக்க எனக்கு உரிமையுள்ள காலத்தில், 83 ஆண்டு மீதி இருக்கும்போதே அதை நீட்டிக்கும் வேலையைத் தொடங்கினேன். "இப்பவே என்ன அவசரம்?" என்று மைத்துனர் சிரித்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 80 ஆண்டுதான் கோடு. அதற்குக் கீழே போனால், நீட்டிப்பால் கூடும் மதிப்பில் பாதியும் நீட்டிப்புக்கு நீங்கள் தரும் விலையில் ஏறும். மேரேஜ் வேல்யூ என்பது இதைத்தான். 2024 லீஸ்ஹோல்ட் சட்டம் இதை நீக்கி, 990 ஆண்டு நீட்டிப்பு தருகிறது. அந்தப் பகுதி அமலுக்கு வந்துவிட்டதா என்று சொலிசிட்டரிடம் முதலில் கேளுங்கள்.

ஏஜென்ட் வாயால் சொன்ன ஆண்டுக்கணக்கு வேண்டாம். அரசின் சொத்துப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியிலிருந்து லீஸ் நகலை எடுத்துத் தேதியைப் பாருங்கள். பிறகு லீஸ் மதிப்பீட்டில் பழகிய சர்வேயரைப் பிடியுங்கள்.

கட்டடத்துக்கும் நிலத்துக்கும் உரிமையாளரான ஃப்ரீஹோல்டர் "நமக்குள்ளே பேசி முடிக்கலாம்" என்பார். தொகை குறைவாகத்தான் தெரியும். ஆனால் அந்த வழியில் பழைய லீஸின் மீதிக்காலம் முழுக்க, அவருக்குக் கட்டும் நில வாடகையான கிரவுண்ட் ரென்ட் தொடரலாம். 1993 லீஸ்ஹோல்ட் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி அவருக்கு நோட்டீஸ் கொடுத்தால் 90 ஆண்டு கூடும், கிரவுண்ட் ரென்டும் ஒழியும். நான் அதைத்தான் சொல்வேன். இரண்டு ஆண்டு சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 31 முதல் இல்லை.

நோட்டீஸ் கொடுத்த தேதிதான் மதிப்பீட்டுத் தேதி. ஃப்ரீஹோல்டரின் பதிலுக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். விலை ஒத்துவராவிட்டால், அவருடைய பதிலான எதிர் நோட்டீஸ் வந்து ஆறு மாதத்துக்குள், இத்தகைய வழக்குகளைத் தீர்க்கும் ட்ரிப்யூனலில் மனுப் போடுங்கள். தவறினால் நோட்டீஸே செல்லாது. ஃப்ரீஹோல்டருடைய சர்வேயர், வக்கீல் செலவும் நியாயமான அளவுக்கு உங்கள் தலையில் விழலாம். அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.