விட்டமின் டி ரெஃபரன்ஸ் சீரம்: நான் செய்த தவறை நீங்களும் செய்யாதீர்கள்

விட்டமின் டி சோதனைகள் சரியான எண்ணைக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க, அளவு தெரிந்த ஒரு சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) வேண்டும், அதுதான் ரெஃபரன்ஸ் சீரம். புதிதாக வந்த இருவர் போன வாரம் அதில் ஒரு தொகுதி தயாரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பல வருடம் முன்பு நான் விழுந்த அதே குழியை நோக்கித்தான் அவர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். லேபிள் மாறுவது, மூடி இறுகாதது பற்றி எழுதப்போவதில்லை, அதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும்.

கலந்து செய்த சீரமும் நோயாளியின் சீரமும் ஒன்றல்ல

கரித்தூள் போட்டு சீரத்தில் உள்ள விட்டமின் டியை நீக்கிவிட்டு, எடைபோட்ட 25-ஹைட்ராக்சி விட்டமின் டி3ஐ (இரத்தச் சோதனையில் அளக்கப்படும் வடிவம்) எத்தனாலில் கரைத்துச் சேர்த்தால் நினைத்த அளவு கிடைத்துவிடும். நானும் அப்படித்தான் செய்தேன். மூலக்கூறுகளை நிறையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சரியான எண்ணைக் காட்டியது, ஆன்டிபாடியை வைத்து அளக்கும் இம்யூனோஅஸ்ஸே கிட்கள் ஆளுக்கொரு எண்ணைக் காட்டின. கிட்தான் தவறு என்று மாதக்கணக்கில் நம்பினோம். கடைசியில் நோயாளிகளின் தனித்தனி சீரங்களை இரண்டு முறையிலும் ஓட்டிப் பார்த்தபோது அவை ஒரே கோட்டில் வந்தன, எங்கள் சீரம் மட்டும் தள்ளி நின்றது.

இரத்தத்தில் இந்தப் பொருள் பெரும்பாலும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், கிட் முதலில் அதை விடுவிக்க வேண்டும். வெளியிலிருந்து சேர்த்தது அதேபோல் விடுபடும் என்று எந்த உறுதியும் இல்லை, அதோடு கரித்தூள் சீரத்தின் மற்ற பொருள்களையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நோயாளியின் சீரம் போலவே எல்லா முறைகளிலும் நடந்துகொள்ளும் இந்தக் குணத்தைத்தான் கம்யூட்டபிலிட்டி என்கிறோம். இது இல்லாத சீரத்தை வைத்து ஒரு கிட்டைக் காலிபிரேட் செய்தால் (அதன் அளவுகோலைச் சரிசெய்தால்) அந்தப் பிழை அப்படியே நோயாளியின் ரிப்போர்ட்டுக்குப் போகும், குறைபாடே இல்லாதவர் மாத்திரை விழுங்குவார். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2009இல் வெளியிட்ட எஸ்ஆர்எம் 972 என்ற ரெஃபரன்ஸ் சீரத்தின் நான்கு நிலைகளிலும் ஒரு நிலை குதிரை சீரம் கலந்தது, இரண்டு நிலைகளில் பொருளை வெளியிலிருந்து சேர்த்திருந்தார்கள். சில இம்யூனோஅஸ்ஸேக்களுக்கு அவை ஒத்துவரவில்லை. அதற்குப் பதிலாக அடுத்து வந்தது 972ஏ.

அதனால் முடிந்தவரை, இயற்கையாகவே குறைவான, நடுத்தர, அதிக அளவு உள்ளவர்களின் சீரத்தைத் தேடிச் சேகரியுங்கள். நாள் பிடிக்கும், பரவாயில்லை.

எபிமர்

25-ஹைட்ராக்சி விட்டமின் டி3க்கு 3-எபி என்று ஓர் எபிமர் உண்டு, அதாவது ஓரிடத்தில் மட்டும் அணுக்களின் திசை மாறிய இன்னொரு வடிவம். 3-எபி வடிவத்தின் நிறை டி3 வடிவத்தின் நிறையேதான், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு முன்னால் உள்ள குரோமட்டோகிராஃபி குழாய் (column) பிரிக்கிறதா என்று முதலில் பாருங்கள், குறிப்பாகக் கைக்குழந்தைகளின் சீரம் என்றால்.

அலகு

25-ஹைட்ராக்சி விட்டமின் டி3க்கு நானோகிராம்/மில்லிலிட்டரை 2.496ஆல் பெருக்கினால் நானோமோல்/லிட்டர். சான்றிதழில் இரண்டையும் போடுங்கள்.

ஒருமைத்தன்மை

தொகுதியின் எல்லாக் குழாய்களிலும் ஒரே அளவு இருக்கிறதா என்று பார்க்கும்போது, முதல் பெட்டியில் மட்டும் குழாய் எடுக்காதீர்கள். நிரப்பத் தொடங்கியபோது, நடுவில், முடியும்போது என்று மூன்று இடத்திலிருந்தும் எடுங்கள்.