வத்தல் மாதிரிக்கு எவ்வளவு வாங்கலாம்? அரசு ஆய்வகக் கட்டணம் போடும் முறை

மதுரையில் இருக்கும் ஓர் அரசு ஆய்வகத்துக்குக் கமுதி, முதுகுளத்தூர், சாத்தூர் பக்கமிருந்து மிளகாய் வத்தல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதித்துத்தான் விற்க வேண்டும் என்று யாரும் விவசாயியைக் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல விலை கேட்கக் கையில் ஒரு சான்று வேண்டும் என்பதற்காக அவராகவே கொண்டுவருகிறார். 1937-ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் தரம்பிரித்தல், குறியிடுதல் சட்டத்தின் கீழ் வரும் அக்மார்க்கும் பெரும்பாலான பொருள்களுக்கு விருப்பம் சார்ந்ததுதான்.

கட்டாயச் சோதனைக்குக் கட்டணம் போடுவது எளிது, எவ்வளவு போட்டாலும் மாதிரி வந்துதான் தீரும். விருப்பச் சோதனையில் கட்டணத்தைத் தூக்கினால் மாதிரி குறையும், மாதிரி குறைந்தால் ஒரு மாதிரிக்கான அடக்கச் செலவு ஏறும். அடுத்த ஆண்டு கணக்குப் பார்ப்பவர் மறுபடி ஏற்றச் சொல்வார். நாலு வருஷம் இப்படிப் போனால் கருவி மட்டும் மிஞ்சும், மாதிரி இருக்காது. அதனால் மொத்தச் செலவை மாதிரி எண்ணிக்கையால் வகுத்து ஒரே எண்ணாகப் போடும் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

அமெரிக்காவில் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் இலை, தண்டு, விதை எவ்வளவு கலந்திருக்கிறது என்று அந்நாட்டு வேளாண் துறை சோதித்துத் தருகிறது. 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதுவும் விருப்பச் சேவை, கேட்பவர் தரும் கட்டணத்தில் நடக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை ஆனதும் மாதிரிகள் மொத்தமாக வந்து விழும். நமக்குத் தை பிறந்ததிலிருந்து சித்திரை வரை அதே நெருக்கடி. பயிர் வேறானாலும் கட்டணம் போடுபவரின் தலைவலி ஒன்றேதான்.

கீழே வரும் ரூபாய்கள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஆய்வகத்தின் ரசீதுகளை வைத்து அந்த இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: ஒரு தொகுதியைக் கூடவே நின்று எண்ணுங்கள்

காரத்தை அளக்கும் கேப்சைசின் சோதனையை எடுத்துக்கொள்வோம். 25 கிராம் பொடியை 200 மி.லி. எத்தனாலில் போட்டு 5 மணி நேரம் மெல்லக் கொதிக்கவைத்து, வடிகட்டி, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஏற்றுவார்கள். ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் மாதிரிகள்தான் ஒரு தொகுதி. ‘ஒரு மாதிரிக்கு ஓர் ஏற்றம்’ என்று மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். மாதிரியோடு கூடவே போகிறவற்றையும் எண்ண வேண்டும்: மாதிரி கலக்காத வெறுங்கரைசல் ஒன்று, தெரிந்த அளவுள்ள திட்டக்கரைசல் மூன்று, காரம் ஏற்கெனவே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரி ஒன்று, ஏதாவது ஒரு மாதிரியின் இரட்டை ஒன்று, கடைசியில் சரிபார்ப்புக்கு ஒன்று. ஆக மாதிரி எத்தனை வந்தாலும் இந்த ஏழும் உண்டு. பத்து மாதிரி வந்தால் 17 ஏற்றம், தலைக்கு 1.7. ஒரே ஒரு மாதிரி வந்தால் 8 ஏற்றம், எட்டும் அந்த ஒருவர் தலையில்.

ரசாயனத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். கொதிக்கவைப்பது பத்து மாதிரி, ஓர் இரட்டை, ஒரு கட்டுப்பாடு என 12. ஒவ்வொன்றுக்கும் எத்தனால் ரூ. 80, வடிகட்டியும் குப்பியும் ரூ. 50 என்றால் 12-க்கு ரூ. 1,560. ஏற்றம் ஒன்று 20 நிமிடம், கருவிக்குள் நிமிடத்துக்கு 1.5 மி.லி. திரவ ஓட்டம், அதில் அசிட்டோநைட்ரில் என்ற கரைப்பான் 40 சதவீதம் என்றால் ஏற்றத்துக்கு 12 மி.லி. 17 ஏற்றத்துக்கு 204 மி.லி., கருவியைப் பதப்படுத்த இன்னொரு 36 மி.லி., லிட்டர் ரூ. 1,000 என்றால் ரூ. 240. திட்டக்கரைசல் செய்யும் திட்டப்பொருளுக்கு ரூ. 500. கூட்டினால் ரூ. 2,300, அதாவது மாதிரிக்கு ரூ. 230. இதே கணக்கை ஒற்றை மாதிரிக்குப் போட்டால் கொதிப்பு மூன்று, அசிட்டோநைட்ரில் 132 மி.லி., அதே திட்டப்பொருள். மொத்தம் ரூ. 1,022.

அசிட்டோநைட்ரிலைவிட எத்தனாலுக்குத்தான் அதிகம் போகிறது என்பதைக் கவனியுங்கள். மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதியோடுதான் அதை வாங்க முடியும் என்பதால், அந்த உரிமச் செலவையும் ஆண்டுக் கணக்கில் மறக்காமல் சேர்க்க வேண்டும்.

கூட நின்று எண்ணச் சொல்வதற்கு அரைவைதான் இன்னொரு காரணம். ஒரு வத்தலை அரைத்து முடித்து அடுத்ததைப் போடுவதற்குள் மிக்சி ஜாரைத் தட்டி, தூரிகையால் துடைத்து, கழுவி, உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முந்தின மாதிரியின் காரம் அடுத்ததில் ஏறிக்கொள்ளும். அதற்கு ஆகும் பத்து நிமிடம் எந்தச் செலவுப் பட்டியலிலும் இருக்காது. முகக்கவசம், காற்று உறிஞ்சி எல்லாம் போட்டும் அரைப்பவர் தும்மி ஓய்ந்து, முகம் கழுவிவிட்டு வரும் நேரமும் வேலை நேரம்தான்.

நிறச் சோதனையில் இடறுவது வேறிடத்தில். ஆஸ்டா (அமெரிக்க வாசனைப்பொருள் வணிகச் சங்கம்) முறையில் பொடியை 100 மி.லி. அசிட்டோனில் போட்டு இருட்டில் 16 மணி நேரம் வைத்து, 460 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து, அதை 16.4-ஆல் பெருக்கி, எடையால் வகுப்பார்கள். உறிஞ்சல் 0.30-க்கும் 0.70-க்கும் நடுவில் விழ வேண்டும். நிற மதிப்பு 40 உள்ள வத்தலை வழக்கம்போல 0.1 கிராம் எடுத்தால் 0.24-தான் வரும், திருப்பிச் செய்ய வேண்டியதுதான். 0.2 கிராம் எடுத்திருந்தால் 0.49 வந்து முதல் தடவையே முடிந்திருக்கும். வருகிற ரகத்துக்கு ஏற்ப எடையை முன்கூட்டியே தீர்மானிக்காத ஆய்வகம் திருப்பிச் செய்யும் செலவைக் கட்டணத்தில் ஏற்றிவிடுகிறது, தன் கவனக்குறைவுக்கு விவசாயியிடம் காசு வாங்குகிறது. முந்தைய ஆண்டுப் பதிவேட்டில் எத்தனை மாதிரி திருப்பிச் செய்யப்பட்டது, எதனால் என்று பாருங்கள். வத்தலின் இயல்பால் வந்ததை மட்டும் அடக்கத்தில் சேருங்கள். இன்னொன்று: மாலை 4 மணிக்கு ஊறவைத்ததைக் காலை 8 மணிக்குத்தான் எடுக்க முடியும். எத்தனை குடுவை இருக்கிறதோ அதுதான் ஒரு நாளின் உச்சம், கருவியின் வேகம் எதுவாக இருந்தாலும்.

ஆள் செலவு

இதில்தான் கணக்கு அதிகம் சறுக்குகிறது. பணியாளர் ஒருவருக்குச் சம்பளம், படி, ஓய்வூதியப் பங்கு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ரூ. 7,20,000 என்று கொள்வோம். 365 நாளை 8 மணி நேரத்தால் பெருக்கி வகுத்தால் மணிக்கு ரூ. 247 வரும், காகிதத்தில் அழகாக இருக்கும். சனி ஞாயிறு, அரசு விடுமுறை, சொந்த விடுப்பு, பயிற்சி எல்லாம் கழித்தால் மிஞ்சுவது சுமார் 205 நாள். ஒரு நாளில் மேசை வேலை 6 மணி நேரம். ஆக 1,230 மணி, மணிக்கு ரூ. 585. பத்து மாதிரித் தொகுதிக்கு 12 மணி நேர வேலை என்றால் மாதிரிக்கு ரூ. 702.

வத்தல் வராத மாதங்களில் அந்த ஆள் மல்லி, மஞ்சள், நல்லெண்ணெய் பார்க்கலாம். அந்த மணிகளை அந்தந்தப் பொருளின் கணக்கில் எழுதுங்கள். எதுவும் வராமல் சும்மா இருந்த நேரத்தை வத்தல்காரர் தலையில் கட்டக் கூடாது. அது அரசு தாங்க வேண்டிய செலவு.

நிலையான செலவு, வகுக்கும் எண்

கருவியின் தேய்மானம் ரூ. 2,00,000, பராமரிப்பு ஒப்பந்தம் ரூ. 1,00,000, பிரிப்புக்குழாயும் விளக்கும் ரூ. 80,000, தர அங்கீகாரமும் திறன் ஒப்பீட்டுச் சோதனையும் ரூ. 1,20,000, மின்சாரம் ரூ. 1,00,000. மொத்தம் ரூ. 6,00,000. இலவசமாக வந்த கருவி என்றாலும் தேய்மானத்தை எழுதுங்கள், பத்து வருஷத்தில் அடுத்ததை வாங்கியாக வேண்டும்.

இதை எதால் வகுப்பது? ‘கருவியால் ஆண்டுக்கு 3,000 மாதிரி முடியும்’ என்று எழுதினால் மாதிரிக்கு ரூ. 200. உண்மையில் வந்தது 600 என்றால் ரூ. 1,000. கடந்த மூன்று ஆண்டில் நிஜமாக வந்த எண்ணிக்கையின் சராசரியால் மட்டுமே வகுக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டு அந்த மூன்றுக்குள் இருந்தால் இருக்கட்டும், இந்த வட்டாரத்தில் அதுவும் இயல்புதான்.

ஆக ரூ. 230, ரூ. 702, ரூ. 1,000 சேர்ந்து முழு அடக்கம் ரூ. 1,932. மாதிரி 400 ஆகக் குறைந்தால் நிலையான பங்கு ரூ. 1,500 ஆகி, அடக்கம் ரூ. 2,432. மேலே சொன்ன சுழல் இப்படித்தான் தொடங்குகிறது.

கொடுப்பவர் பக்கம் நின்று பாருங்கள்

கிலோ ரூ. 150 என்றால் பத்துக் குவிண்டால் வத்தல் ரூ. 1,50,000. அதில் ரூ. 1,932 என்பது 1.3 சதவீதம், கொடுப்பார். இரண்டு குவிண்டால் வைத்திருப்பவருக்கு அதே தொகை 6.4 சதவீதம். அவர் ஆய்வகத்துக்கு வரமாட்டார், மண்டியில் வத்தலைக் காதருகே குலுக்கி விதைச் சத்தம் கேட்டுச் சொல்லும் விலைக்கே கொடுத்துவிட்டுப் போவார். சான்று அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான்.

எனவே கட்டணத்தை இரண்டாகப் பிரிப்பதே சரி. ஒரு மாதிரி கூடுதலாக வருவதால் ஆகும் செலவான ரூ. 932-ஐ விவசாயியும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் தரட்டும், ரூ. 950 என்று முழுமையாக்கலாம். வணிகர், பொடி ஆலை, ஏற்றுமதியாளர் முழு அடக்கமான ரூ. 1,950 தரட்டும். 600-ல் 400 பேர் விவசாயிகள் என்றால் அவர்கள் பங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ. 3.93 லட்சம் துண்டு விழும். அந்தத் தொகையை முன்மொழிவிலேயே தனி வரியாக எழுதி, எந்த நிதித் தலைப்பிலிருந்து வரும் என்று கேட்டு வாங்குங்கள். எழுதாமல் விட்டால் அந்தப் பள்ளம் அசிட்டோன் வாங்க முடியாத மாதமாக வெளியே தெரியும்.

கூட்டு மாதிரிக்கு வழி வையுங்கள். ஒரே ரகம், ஒரே வாரப் பறிப்பு உள்ள ஐந்து பேரின் வத்தலைச் சம எடையில் கலந்து ஒரு மாதிரியாகப் பார்த்தால் தலைக்கு ரூ. 190. நிறத்துக்கும் காரத்துக்கும் இது பொருந்தும். பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சினுக்குக் கூடவே கூடாது. ஒரு சாக்கில் அதன் பி1 வகை நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், மற்ற நான்கில் இல்லை என்றால் கலவையில் 4 காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 5. நாலு மடங்கு மீறிய சாக்கு தேர்ச்சி பெற்றுவிடும். அந்த நஞ்சு களத்தில் ஈரம் பட்ட மூலையில் திட்டுத்திட்டாக உண்டாவது, அதனால் மாதிரியும் பெரிதாக எடுக்க வேண்டும், கட்டணமும் தனியாக வேண்டும்.

மாதிரி எடுப்பதும் தனிக் கட்டணம்தான். ஆய்வக ஆள் கிட்டங்கிக்கு வந்து சாக்குகளிலிருந்து எடுத்தால் அறிக்கை அந்தச் சரக்கு முழுமைக்கும் பேசும். விவசாயியே பையில் கொண்டுவந்தால் ‘கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டும்’ என்று அறிக்கையில் அச்சிட வேண்டும். இதைக் கட்டணப் பலகையிலும் முன்கூட்டியே எழுதுங்கள், பிறகு வரும் சண்டையில் பாதி குறையும்.

அவசரக் கட்டணத்தை ‘இரு மடங்கு’ என்று கண்ணை மூடிப் போடாதீர்கள். தொகுதி சேரும்வரை காத்திருக்காமல் தனியாக ஓட்டினால் ரசாயனம் ரூ. 1,022, ஐந்து மணி நேர வேலை ரூ. 2,925, ஆக ரூ. 3,947. இதில் ரூ. 932-ஐக் கழித்தால் கூடுதல் செலவு ரூ. 3,015. ஏற்கெனவே நிற்கும் தொகுதியில் சேர்த்துவிட முடிந்தால் அவசரக் கட்டணமே வேண்டாம். மாசி, பங்குனியில் தொகுதி தினமும் நிரம்பும், ஆவணியில் வாரத்துக்கு ஒன்று நிரம்புவதே பாடு. தொகுதி ஓடும் கிழமைகளை மாதாமாதம் ஒட்டிவிட்டால் ஜனங்களே அதற்கேற்ப வருவார்கள்.

ஆணை பிறப்பிக்குமுன்

அமலுக்கு வரும் நாளை ஏப்ரல் 1 என்று வைக்காதீர்கள். நிதியாண்டுக்கு அது சரி, வத்தலுக்கு அது பருவத்தின் நடு. மார்ச் 30-ல் கொடுத்தவருக்கு ஒரு விலை, மூன்று நாள் கழித்து அதே ஊர்க்காரருக்கு வேறு விலை என்றாகும். ஜூலை அல்லது அக்டோபர் 1 நல்லது, விதைக்கும்போதே தெரிந்துவிடும்.

வசூலாகும் பணம் எங்கே போகிறது என்றும் பாருங்கள். கருவூலத்தில் செலுத்தப்பட்டால் அதை எடுத்து ரசாயனம் வாங்க முடியாது, செலவுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். மாதிரி இரட்டித்து ஒதுக்கீடு அப்படியே நின்றால், வரவேற்பு கிடைத்ததாலேயே ஆய்வகம் முடங்கும். எண்ணிக்கைக்கு ஏற்ப ஒதுக்கீடு உயரும் என்ற வாசகம் ஆணையிலேயே இருக்கட்டும்.

சரக்கு சேவை வரியைப் பொறுத்தவரை, விளைபொருள் உற்பத்தியோடு நேரடியாகச் சேர்ந்த சோதனைக்கு விலக்கு உண்டு, பொதுவான தொழில்நுட்பச் சோதனைக்கு 18 சதவீதம். களத்தில் காய்ந்த வத்தலும் ஆலைப் பொடியும் ஒரே வகையில் வராது. எது எதில் என்று தணிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கி, பலகையில் வரி சேர்ந்த தொகையையே போடுங்கள்.

மறுசோதனைக்கு வழி இல்லாத கட்டண ஆணை அரைகுறை. குறைந்தது 500 கிராம் மாதிரி வாங்கி, ஒரு பங்கை முத்திரையிட்டு வையுங்கள். மறுசோதனையில் முதல் முடிவு தப்பு என்று தெரிந்தால் இரண்டு கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். முதல் முடிவே நின்றால் இரண்டாவது கட்டணம் ஆய்வகத்துக்கு.

கடைசியாக, ஆண்டுக்கொரு முறை ஆடியில் மூன்று எண்களை மட்டும் புதுப்பியுங்கள்: ரசாயன விலை, மணிக்கூலி, மூன்றாண்டுச் சராசரி மாதிரி. கணக்குத்தாளை அப்படியே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள், பணம் கட்டுபவர் அதைப் படித்துக் கேள்வி கேட்கட்டும்.