குளோரின்னா மகிமை மட்டும்தானா? இடம் பாத்து அர்த்தம் பிடிக்கிறது எப்படி

இங்கிலீஷ்ல “குளோரி” (glory)ன்னு ஒரு வார்த்தை வந்தா நம்மள்ல நிறைய பேர் யோசிக்காம மகிமைன்னு போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடறோம். சர்ச்சுல கேட்டுக் கேட்டு பழகினதால அப்படி வருது, தப்பு சொல்ல முடியாது. ஆனா ஒரு பழைய கிரிக்கெட் பிளேயரப் பத்தின படத்துல “குளோரி டேஸ்”னு வசனம் வர, கீழ சப்டைட்டில்ல “மகிமையின் நாட்கள்”னு ஓடினா எனக்கு மனசே ஆறாது. அவர் கொடிகட்டிப் பறந்த காலம்னு நம்ம வாய்ல ரெடியா இருக்கே!

அதனால இந்த வார்த்தைய எப்படிப் பிடிக்கணும்னு நான் செய்யற முறைய சொல்றேன்.

முதல்ல அது எந்த வழியா வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துடும். லத்தீன்ல குளோரியா, அது பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கேருந்து 13ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி இங்கிலீஷ்காரங்க சொந்தமா வுல்டோர்னு ஒரு வார்த்தை வச்சிருந்தாங்க, குளோரி வந்து அதை ஓரங்கட்டிடுச்சு. லத்தீன்ல இதுக்கு ஊர் பேசற புகழ்னு அர்த்தம், கூடவே வீம்புன்னும் அர்த்தம். பழைய ரோம நாடகத்துல குளோரியோசுஸ்னு பட்டம் வாங்கினவன் வாயாலயே ஊரை ஜெயிக்கற ஒரு சிப்பாய்.

சரி, வெறும் புகழா இருந்த வார்த்தைக்கு இந்த தெய்வீக ஒளி எல்லாம் எங்கேருந்து வந்துச்சு? பைபிள் வழியாதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, கொஞ்சம் நின்னு சொல்றேன். எபிரெய மொழியில காவோத்னு ஒரு சொல், அதோட வேருக்கு கனம், பாரம்னு அர்த்தம், கல்லீரலுக்கும் அதே எழுத்துக்கள்தான். கட்டளைப் பலகைகள் இருந்த புனிதமான உடன்படிக்கைப் பெட்டி எதிரி கைக்குப் போயிடுச்சுன்னு கேட்ட, ஆசாரியர் ஏலியோட மருமகள், பிரசவ வலியில சாகப்போற நேரத்துல பிள்ளைக்கு இக்கபோத்னு பேர் வச்சாளே, மகிமை போயிடுச்சுன்னு, அந்தப் பேர்ல இருக்கற கபோத் இதேதான். கிறிஸ்துவுக்கு முன்னாடியே யூதர்கள் தங்க வேதத்த கிரேக்கத்துல மொழிபெயர்த்தப்போ இந்த காவோத்துக்கு டோக்ஸான்னு போட்டாங்க, ஆனா கிரேக்கத்துல டோக்ஸான்னா ஒருத்தரோட அபிப்பிராயம், ஆர்த்தோடாக்ஸ்ங்கறதுல பின்பாதியா இருக்கே அதான். அப்புறம் லத்தீன் பைபிள்ல அதே இடத்துல பெரும்பாலும் குளோரியா வந்து உக்காந்துச்சு. ஆக பாரம்ங்கற அர்த்தம் அபிப்பிராயத்துக்குள்ள ஏறி, புகழுக்குள்ள இறங்கி, கடைசியில இங்கிலீஷுக்கு வந்து சேந்திருக்கு.

இதுல நாம கொடுத்து வச்சவங்க, ஏன்னா தமிழ்ல இது தொலையவே இல்ல. கனம்னா எடையும்தான், மரியாதையும்தான், கனம் நீதிபதி அவர்களேன்னு சொல்றோம்ல? பத்துக் கட்டளையில “உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக”ன்னு வர்ற இடத்துல எபிரெயத்துல இருக்கறதும் அதே வேர்தான். பைபிள்ல பவுல் கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாம் கடிதத்துல “மகிமையின் பாரம்”ங்கற மாதிரி ஒரு சொல் வருது, அதுக்கு நம்ம மொழிபெயர்ப்பு “கனமகிமை”. இங்கிலீஷ்ல பாரம் தனி, மகிமை தனின்னு ரெண்டு வார்த்தை போட்டு சொல்றதை இதுல ஒரே வார்த்தைல கட்டிட்டாங்க. அதைச் செஞ்சவங்கள கையெடுத்துக் கும்பிடணும்னு தோணும் எனக்கு.

அடுத்து, வார்த்தை பேரா நிக்குதா வினையா நிக்குதான்னு பாருங்க. “குளோரி இன்” (glory in)னு வினையா வந்தா அது மகிமை கிடையாது, ஒண்ண நினைச்சு நெஞ்ச நிமித்திக்கறது. “மேன்மைபாராட்டுகிறவன் கர்த்தரைக்குறித்தே மேன்மைபாராட்டக்கடவன்”னு தமிழ் பைபிள்ல சரியா பிரிச்சிருக்காங்க, கிரேக்கத்துலயும் அங்க டோக்ஸா இல்ல, வேற சொல். முன்னாடி வெயின் ஒட்டி வெயின்குளோரின்னு வந்தா வீண்பெருமை, அதுல சந்தேகமே வேணாம்.

அப்புறம் யாரோட குளோரின்னு கேளுங்க. கடவுளோடதுன்னா மகிமை, கத்தோலிக்க வழிபாட்டுன்னா “உன்னதங்களிலே இறைவனுக்கு மாட்சிமை”ங்கற மாதிரி மாட்சிமை. போர்வீரனோடதுன்னா புகழ். மன்னனோடதுன்னா பெரும்பாலும் பவிசு, ஆடம்பரம், “சாலொமோன் முதலாய்த் தன் சர்வ மகிமையிலும்”னு வர்ற இடம் கூட உடுப்பைப் பத்தின பேச்சுதான். செத்துப்போனவர் குளோரிக்குப் போனார்னா பரலோகம், ரட்சணிய சேனைங்கற (சால்வேஷன் ஆர்மி) கிறிஸ்தவ அமைப்புக்காரங்க மரண அறிவிப்புல “புரமோட்டட் டு குளோரி”ன்னே போடுவாங்க. ஓல்ட் குளோரின்னா அமெரிக்கக் கொடி, வில்லியம் டிரைவர்ங்கற கப்பல் கேப்டன் தன் கொடிக்கு வச்ச செல்லப் பேர் நாட்டுக்கே ஒட்டிக்கிச்சு. அடுத்தவரோட குளோரியில ஒருத்தர் சுகம் காணறார்னா, அவர் புகழ்ல இவர் குளிர்காயறார், அவ்ளோதான்.

கண்ணால பாக்கற பொருளா வந்தா மொழிபெயர்க்கவே கூடாது, அந்தப் பொருளுக்கு இங்க என்ன பேரோ அதைப் போடணும். குளோரி லில்லிய மகிமை லில்லின்னு எழுதறாங்க, ஐயோ, அது நம்ம செங்காந்தள், தமிழ்நாட்டோட மாநில மலர்! ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ல அதுக்கு குளோரியோசா சூப்பர்பான்னு பேர் வச்சார். அடியில மஞ்சளும் நுனியில சிவப்பும், ஓரம் நெளிநெளியா, இதழ் எல்லாம் பின்னால மடங்கி மேல நோக்கி நிக்கும், இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடிச்சுக்கும். கார்த்திகைப் பூன்னு சொன்னாலும் புரியும், கிழங்க மட்டும் வாயில வச்சுடாதீங்க, கொடிய விஷம்.

இன்னொண்ணு வானத்துல இருக்கு. ஃபிளைட்ல சூரியனுக்கு எதிர்ப்பக்க ஜன்னல் சீட்டு கிடைச்சா கீழ மேகத்துல விழற விமானத்தோட நிழலப் பாருங்க, அதைச் சுத்தி சின்னதா வானவில் வளையம் இருக்கும், உள்பக்கம் நீலம், வெளிப்பக்கம் சிவப்பு. மேகத்துல இருக்கற நுண்ணிய நீர்த்துளிங்க வெளிச்சத்த வந்த வழியே திருப்பி அனுப்பறதால வர்றது, இதுக்கும் இங்கிலீஷ்ல குளோரின்னுதான் பேர். நான் இதை “நிழலைச் சுத்தின வண்ண வளையம்”னு விரிச்சே எழுதறேன், படிக்கறவங்களுக்குக் கண்ணுல தெரியணும்ல.