பச்சைத் தூள் கொட்டிய காளான்: சிங்கப்பூரில் காளான் பறிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலை. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் புல்தரையில் வெள்ளை வெளேரென்று பத்துப் பதினைந்து காளான்கள் குடை விரித்திருந்தன. எதிர்வீட்டு அக்கா பிளாஸ்டிக் பையோடு குனிந்து பறித்துக்கொண்டிருந்தார். "தம்பி, நம்ம ஊர் புத்துக்காளான் இங்கேயே முளைச்சிருக்கு பாருங்க. ராத்திரி இடி இடிச்சிச்சில்ல, அதான்" என்றார். பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். சின்ன வயதில் விடிவதற்குள் எழுந்து புற்றைத் தேடிப் போனவர். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது வேண்டாம் என்று சொல்ல மனமே வரவில்லை. ஆனாலும் சொன்னேன். "ஒரே ஒரு நாள் பொறுங்க அக்கா" என்று கேட்டு, நன்றாக விரிந்த ஒன்றை வாங்கி வந்தேன். தண்டை நறுக்கிவிட்டு, குடையை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, கிண்ணத்தால் மூடினேன்.

மறுநாள் காலை குடையை எடுத்தபோது தாளில் ஒரு சக்கரம் படிந்திருந்தது. நடுவில் தண்டு இருந்த இடம் மட்டும் வெள்ளை. அதைச் சுற்றி ஆரக்கால் மாதிரி மெல்லிய கோடுகள், மங்கலான பாசி நிறத்தில். விரலால் தொட்டால் தூளாக ஒட்டியது. அதுதான் வித்துத்தூள், இனம் பெருக்கக் காளான் குடையின் அடியிலிருந்து உதிர்க்கும் நுண்ணிய வித்துகள். புற்றுக்காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பு சாயலில் இருக்கும். இது பச்சை. அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் பையோடு போய்க் குப்பையில் போட்டார்.

அந்தக் காளானின் அறிவியல் பெயர் குளோரோஃபில்லம் மொலிப்டைடிஸ். வெப்பமண்டல நாடுகளில் புல்தரை இருக்கும் இடமெல்லாம் முளைக்கும். காளான் சாப்பிட்டு வாந்தி பேதியோடு மருத்துவமனைக்கு ஓடுகிறவர்களில் நிறையப் பேர் சாப்பிட்டது இதைத்தான். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிடுங்கும். வாந்தியும் பேதியும் நிற்காது, சில சமயம் ரத்தமும் போகும். பெரியவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடுவார்கள். குழந்தைகளும் வயதானவர்களும் உடம்பில் நீர் வற்றி மோசமான நிலைக்குப் போகலாம்.

ஊர் அறிவை அப்படியே இங்கே கொண்டுவருவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். காளானே தெரியாதவர் அதைத் தொடமாட்டார். பாதி தெரிந்தவர்தான் பறிப்பார். அக்காவுக்குத் தெரிந்தது பொய்யல்ல, அவருடைய ஊர் மண்ணுக்கு அது சரிதான். அங்கே அவர் காளானை மட்டும் பார்த்துப் பறிக்கவில்லை. எந்தப் புற்று, எந்த மாதம், பக்கத்தில் என்ன மரம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார், கூட அவருடைய ஆச்சியும் இருந்தார். இங்கே அதில் எதுவும் இல்லை. வெள்ளைக் குடை ஒன்றுதான் கண்ணில் பட்டது.

புற்றுக்காளான் கறையானோடு வாழ்வது. மண்ணுக்கடியில் கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்துதான் அது முளைத்து மேலே வரும். அதனால் மெதுவாகத் தோண்டி எடுத்தால் தண்டின் அடியில் நீளமான வேர் போன்ற ஒன்று புற்றை நோக்கி இறங்கும். குடையின் நடுவில் கூர்மையாக ஒரு முனை இருக்கும். மலேசியாவில் மலாய்க்காரர்கள் இதை 'செண்டாவான் பூசுட்' என்று விரும்பிச் சாப்பிடுகிறார்கள். பூசுட் என்றாலே புற்றுதான். புல்தரைக் காளானில் அந்த நீண்ட வேர் கிடையாது. குடை மேல் பழுப்பு நிறச் செதில்கள் இருக்கும், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய ஒரு வளையம் இருக்கும்.

வித்தியாசம்தான் தெளிவாக இருக்கிறதே என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். பெருமழை அந்தச் செதில்களைக் கழுவிவிடும். வளையம் உதிர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, குடையின் அடியில் இருக்கும் மடிப்புகள் இளசாக இருக்கும்போது வெள்ளையாகவே இருக்கும், முற்றிய பிறகுதான் பச்சை ஏறும். சமையலுக்கு நாம் தேடுவதோ இளசை. இளங்காளானைத் தாளில் வைத்தால் தூளே கொட்டாது. ஆக, தாள் சோதனை நான் செய்தது போல விஷத்தைக் காட்டிக்கொடுக்க உதவலாம். 'சாப்பிடலாம்' என்று சொல்லும் அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடிய காளான்கள் பலவற்றின் தூள் சாதாரண வெள்ளைதான்.

சரி, என்ன ஆகிவிடும், வாந்தி பேதிதானே என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். புல்தரையில் முளைக்கும் சின்னக் குடைக் காளான்களில், லெபியோட்டா என்ற இனத்தைச் சேர்ந்த சிலவற்றில், அமாடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கிறது. அமனிட்டா இனத்துக் கொலைகாரக் காளான்களில் இருக்கும் அதே நஞ்சு. வேக வைத்தாலும், வெயிலில் காய வைத்தாலும், உறைய வைத்தாலும் அது அழியாது. ஈரல் செல்கள் புரதம் உண்டாக்குவதை அது நிறுத்திவிடும். அதைவிடப் பயங்கரம் அது எடுத்துக்கொள்ளும் நேரம். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல், சில சமயம் அரை நாளுக்கும் மேல், ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. அடுத்த நாள் எல்லாம் அடங்கி, உடம்பு சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். வீட்டில் எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் படிக்கவும் வேலைக்கும் போகும் நம் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி அனுப்ப வேண்டும். 2012 தொடக்கத்தில் கான்பராவில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்தில் அமனிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற காளானைச் சமைத்துச் சாப்பிட்டிருந்தார்கள். அங்கே ஓக் மரத்தடிகளில் முளைப்பது அது. ஆசியாவிலிருந்து போகிறவர்கள் அதை வைக்கோல் காளான் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். டாம் யாம் சூப்பில் மிதக்குமே, அந்த உருண்டைக் காளான். இரண்டும் மொட்டாக இருக்கும்போது முட்டை மாதிரி ஒரு உறைக்குள் இருக்கும், விரிந்த பிறகும் தண்டின் அடியில் பை போல அந்த உறை நிற்கும். கத்தியால் தரைக்கு மேலே தண்டை வெட்டி எடுக்கிறவர் அந்தப் பையை மண்ணிலேயே விட்டுவிடுகிறார். அமனிட்டாவோ என்று சந்தேகம் வர வேண்டிய அடையாளமே அதுதான்.

பாட்டி சொன்ன சோதனைகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். வெள்ளிக் கரண்டி போட்டால் கறுக்கும், பூண்டு போட்டால் நிறம் மாறும், அரிசி போட்டு வேக வைத்தால் தெரிந்துவிடும் என்கிறார்கள். எதுவும் வேலை செய்யாது. அமாடாக்ஸின் வெள்ளியோடும் பூண்டோடும் சேர்ந்து எந்த நிறமும் காட்டாது. 'பூச்சி கடிச்சிருக்கு, அதனால நல்ல காளான்' என்பது இன்னும் ஆபத்து. நத்தைகள் விஷக் காளானைத் தின்றுவிட்டு நன்றாகவே இருக்கும். பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை குறைவில்லை. அவர்களைக் காப்பாற்றியது கரண்டி அல்ல, ஒரே இடத்தில் ஒரே காளானைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்த பழக்கம்தான்.

கைபேசிச் செயலியை நம்புவது இன்றைய கரண்டிச் சோதனை. 2023இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் மூன்று செயலிகளைச் சோதித்தார்கள். அவற்றில் சிறந்ததே ஏறத்தாழ பாதிக் காளான்களைத்தான் சரியாகச் சொன்னது. மேலே இருந்து எடுத்த ஒரே படத்தில் மண்ணுக்குள் இருக்கும் பையும் தெரியாது, வித்துத்தூளின் நிறமும் தெரியாது. படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'இது சாப்பிடலாமா' என்று கேட்பதும் இதே கதைதான்.

'போன வருஷம் இதே இடத்தில் பறித்துச் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை' என்றும் சொல்வார்கள். அதே இடத்தில் அடுத்த மழைக்கு வேறொரு இனம் முளைக்கலாம். பச்சைத்தூள் காளானைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. அதே சட்டியிலிருந்து சாப்பிட்ட இன்னொருவர் சுருண்டு விழுவார்.

சட்டமும் இருக்கிறது. பூங்காக்களிலும் வனப்பகுதிகளிலும் எதையும் பறித்து எடுக்க அனுமதி இல்லை. பூங்கா என்றால் 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம். புக்கிட் தீமா போன்ற பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி என்றால் 50,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். என்னைக் கேட்டால், இந்தத் தீவில் சமையலுக்குக் காட்டுக் காளான் பறிக்கவே கூடாது. ஆசையாக இருந்தால் பாருங்கள், படம் எடுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தேக்கா சந்தையில் சிப்பிக்காளான் வாங்கி மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துச் சாப்பிடுங்கள்.

தெரியாமல் யாராவது சாப்பிட்டுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், நிலைமை மோசமென்றால் 995ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுத்துப் படுக்க வைப்பது இரண்டும் வேண்டாம். மிச்சம் இருக்கும் காளானை, சமைக்காத துண்டு இருந்தால் அதையும், காகிதப் பையில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் சீக்கிரம் அழுகிவிடும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு நேரங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை வைத்துத்தான் மருத்துவர் எந்த வகை நஞ்சு என்று யோசிக்கத் தொடங்குவார். அதே குழம்பைச் சாப்பிட்ட மற்றவர்களையும், நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும், கூடவே அழைத்துப் போங்கள்.